கடைசிக் கதிரைக்குக் கேட்குமா?

அத்தியாயம் 11

போன கிழமை றிஷானா போனை வைத்த இடத்தோடு கதையை நிறுத்தியதற்காக என்னை ஏசாதவர்கள் குறைவு. "அந்த மனுசன் போவாரா மாட்டாரா, அதை மட்டும் சொல்லிப்போட்டு நிப்பாட்டியிருக்கலாமே!" என்று மீன் சந்தையில் வைத்தே ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். நான் என்னத்தைச் சொல்ல? போவதா விடுவதா என்று முனாபுக்கே அன்றைக்குத் தெரியாது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. முனாப் மூதூரில் கதிரை, தகரக்கொட்டில், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். கடை வேலைக்கு அஷ்பாக். மகன் இன்பாஸ் கட்டாரில். மகள் றிஷானா ஏ.எல். பாஸ் பண்ணிவிட்டு, கம்பஸ் திறக்கும் வரை சும்மா இருக்க மாட்டேன் என்று, திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நடக்கும் ஓகஸ்ட் லீவு நாடகப் பட்டறையில் சேர்ந்தவள். அங்கே சாச்சி நபீஸா வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். "தங்கச்சி மேடையில ஏறினா நான் ஊர்ப்பக்கமே வரமாட்டன்" என்று இன்பாஸ் கட்டாரிலிருந்து குதித்தான். மகளிடம் ஏலாது என்று சொல்ல முனாபுக்கு மனம் வரவில்லை. மகனிடம் உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை. மனுசன் என்ன செய்தார்? மகளை அனுப்பிவைத்தார். மகனுக்கும் மூதூருக்கும் "கம்ப்யூட்டர் கோர்ஸ்" என்று அவிழ்த்துவிட்டார்.

நாடகத்துக்குக் கதிரையும் ஒலிபெருக்கியும் முனாபின் கடைச் சாமான். சாமானோடு வந்தவர்போலப் பின்னால் நின்று மகளைப் பார்த்துவிட்டு, ஒருவருக்கும் தெரியாமல் திரும்பிவிடலாம் என்று இருந்தார். அந்தத் திட்டத்தில்தான் றிஷானா போனிலேயே மண்ணை அள்ளிப் போட்டாள்.

"கதிரைக்காரனா வாறதெண்டா வராதீங்க வாப்பா. அஷ்பாக்க அனுப்புங்க, போதும். என்ட வாப்பாவா வாறதெண்டா மட்டும் வாங்க. பெத்தவருக்கே நான் மேடையில நிக்கிறது வெக்கமெண்டா, நான் இந்த நாடகத்தோட நிப்பாட்டிப்போடுறன். உங்கள ஒரு குறையும் சொல்லமாட்டன்."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் முனாப் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அழாததுதான் அவரைப் போட்டு ஆட்டியது.

*

சனிக்கிழமை காலை லொறியில் கதிரை ஏற்றி முடியும்போது, மனைவி லைலா ஊதா அபாயாவும் புதுச் செருப்புமாக வந்து முன்சீற்றில் ஏறிக்கொண்டார்.

"இஞ்சேருங்க, என்னோட முன்வரிசையிலதானே இரிப்பீங்க?"

"நான் எப்பிடி இரிக்கிற லைலா? சாமான் பாக்கோணுமே."

"சாமான் எழும்பி ஓடிரவா போகுது?"

"ஆம்ப்ளிபயர் இரிக்கு, வயர் இரிக்கு..."

"அதுக்குத்தான் அஷ்பாக் இரிக்கான்."

முனாப் லொறியைக் கிளப்பினார். கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் மெல்லச் சொன்னார்.

"மூதூராக்கள் வருவாங்க லைலா. இன்பாஸ்ட காதுக்குப் போயிரும். அவன் கோவிச்சான் எண்டா?"

"கோவிக்கட்டும். அவன் நமக்குப் பொறந்தவனா, நாம அவனுக்குப் பொறந்தவங்களா?"

பின்னால் கதிரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அஷ்பாக் சிரித்துவிட்டான். முனாப் கண்ணாடியில் ஒரு முறை முறைத்தார். அஷ்பாக் கலியாணம் கட்டி இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்; ஆனாலும் முதலாளி முறைத்தால் வானத்தைப் பார்ப்பான்.

அஷ்பாக்கைப் பற்றிச் சொல்லும்போது முனாபின் கடைச் சட்டம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கலியாண வீடாக இருக்கட்டும், கிளிவெட்டிக் கோயில் திருவிழாவாக இருக்கட்டும், பாங்கு கேட்டால் முனாபின் மெஷின் ஓஃப். பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அஷ்பாக் தொழப் போய்விடுவான். அவன் வந்து திறந்தால்தான் மறுபடி சத்தம். ஒருமுறை பூட்டாமல் போன நேரம், ஒரு மாப்பிள்ளைத் தோழன் பாட்டுப் பாடப் போய் ஆம்ப்ளிபயரைக் கருக்கிவிட்டான். அன்றிலிருந்துதான் இந்தப் பூட்டு. சாமான் எடுக்கிற எல்லாருக்கும் முனாப் முதலிலேயே இதைச் சொல்லிவிடுவார். அவர்களும் பாங்கு நேரத்தை விலக்கித்தான் விழா வைப்பார்கள்.

இந்த நாடகக்காரர்களும் விலக்கித்தான் வைத்திருந்தார்கள். நாலரைக்குத் தொடங்கினால், பொழுது படும் நேரத்து மஃரிப் தொழுகைக்கு நிறைய முன்னதாகவே முடிந்துவிடும்.

*

உள்துறைமுகத்துக்கு முதுகு காட்டி மேடை போட்டிருந்தது. மேடை என்று சொல்வதைவிட, படகு கட்டும் ஜெட்டி என்று சொல்லலாம். பழைய பலகைகளை அடித்து, ஓரத்தில் கயிறு சுற்றிய கம்பம் நட்டு, நடுவில் மூட்டை முடிச்சுகளைக் குவித்து வைத்திருந்தார்கள். கச்சான் காற்று கதிரைப் பக்கமிருந்து மேடைப் பக்கம் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

முனாப் லொறியிலிருந்து இறங்கினார். இறங்கியதும் மகளைக் கண்டார். ஒரு நிமிசம் அது தன் மகள்தானா என்று நின்றுவிட்டார்.

வீட்டில் கடைக்கு வருகிற ஆட்களுக்குப் பதில் சொல்லக்கூட உம்மாவின் பின்னால் ஒளிகிறவள் இவள். இங்கே வந்த முதல் கிழமை, இவள் பேசியது இரண்டாவது வரிசைக்கே கேட்கவில்லை என்று நபீஸா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இப்போதோ இடுப்பில் கைவைத்து நின்று, ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு "அந்தப் பலகைய இன்னும் கொஞ்சம், ஆ, அப்பிடியே விடு" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு விடுவிடென்று நடந்து போய், அப்போதுதான் இறக்கிய கதிரைகளில் கடைசி வரிசையில் கடைசிக் கதிரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து மேடையைப் பார்த்தாள். எழும்பி வந்து கம்பத்தைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னாள்.

"எப்பவும் கடைசிக் கதிரையிலதான் போய் இருந்து பாப்பா," என்று சொன்னார் கௌசிகா மிஸ். பட்டறையை நடத்துகிறவர் அவர்தான். டவுன் பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்கிறவர். "அங்க இருக்கிற ஆளுக்கு விளங்கோணும் மிஸ் எண்டு சொல்லுவா. உங்கட கதிரையெல்லாம் நல்லாயிருக்கு முனாப் நானா. இந்தப் பிள்ளையையும் பாருங்கோ. ஒரு நாள் பிந்தி வந்ததில்ல, ஒரு வேலைக்கு முகம் சுழிச்சதில்ல. எந்த வீட்டுப் பிள்ளையோ, பெத்தவங்கள் குடுத்துவைச்சவங்கள்."

மிஸ்ஸுக்கு அவர்தான் தகப்பன் என்று தெரியாது! றிஷானா அதையும் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள். முனாபுக்கு நெஞ்சு நிறைந்தது. அதே நேரம் முகம் எரிந்தது.

அவள் இந்தப் பக்கம் வந்தாள். முனாப் "மக..." என்று வாயெடுத்தார். லொறிக்குப் பக்கத்தில் மூதூர் ஆட்கள் இரண்டு பேர் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு நின்றார்கள். வாய் தானாக மூடிக்கொண்டது.

றிஷானா எல்லாவற்றையும் கண்டாள். மூதூர்க்காரரையும் கண்டாள், மூடிய வாயையும் கண்டாள்.

"நானா," என்றாள் மரியாதையாக. "முன்வரிசையக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துத் தாறீங்களா? மேடை விளிம்புக்கு நான் வரக்கொள்ள, முன்னுக்கு இரிக்கிறவங்கட தலை மறைக்கும்."

நானா! கூடப் பிறந்த அண்ணனையும் நானா என்போம், கதிரைக்காரர்களை ஊரெல்லாம் கூப்பிடுவதும் அப்படித்தான். பெற்ற மகளும் அப்படியே கூப்பிட்டுவிட்டாள். நீங்கள் வந்தது கதிரைக்காரனாக என்றால், இதோ கதிரைக்காரனுக்கு உரிய மரியாதை.

முனாப் முன்வரிசை முழுவதையும் தன் கையால் பின்னுக்கு இழுத்தார். "தேங்ஸ் நானா" என்றுவிட்டுப் போனாள் மகள். நன்றாக வேண்டும் மனுசனுக்கு என்று நான் சொல்ல வந்தேன். அவர் நின்ற நிலையைப் பார்த்தால் நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

*

நாலரை ஆனது. ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். மேடை தயார், பிள்ளைகள் தயார். பிரதம அதிதியைத்தான் காணோம்.

எங்கள் ஊரில் பிரதம அதிதி வராமல் காகம்கூடக் கத்தாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அவர் இன்னொரு விழாவில் மாலை போட்டுக்கொண்டு இருக்கிறாராம். வந்துகொண்டு இருக்கிறாராம். திரும்புகிறாராம். கடைசியில் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. பிறகு மாலை, விளக்கு, வரவேற்புரை. அதற்குப் பிறகு அவர் கலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கலைக்கு அன்றைக்கு நல்ல காலமில்லை.

முனாப் கடைசி வரிசையில் மெஷின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார். இப்போது தொடங்கினால் நாடகம் மஃரிபில் போய் முட்டும். முக்கியமான கட்டமாகப் பார்த்து முட்டும். மிஸ்ஸிடம் போய், "கொஞ்சம் பொறுங்க, பாங்குக்குப் பிறகு தொடங்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எத்தனை விழாவில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்! ஆனால் மிஸ் இருந்தது முன்வரிசையில், லைலாவுக்குப் பக்கத்தில். அங்கே போவதென்றால் முழுச் சனத்துக்கும் நடுவால் நடக்க வேண்டும்.

எழும்பினார். இருந்தார். இன்னொரு தரம் எழும்பினார்.

"ஆரு, முனாபா?" என்று ஒரு குரல். மூதூர்ப் புடவைக்கடை றம்ஸான் ஹாஜியார், மனைவியைப் பெண்கள் பக்கம் இருத்திவிட்டு வந்து பக்கத்துக் கதிரையில் சாவகாசமாக உட்கார்ந்தார். "சாமானோட வந்தியா?"

"ஓம் ஹாஜியார். சாமானோட."

"மகள்ட கம்ப்யூட்டர் கோர்ஸ் எப்பிடிப் போகுது?"

"போகுது... அல்ஹம்துலில்லாஹ்."

முனாப் அதன் பிறகு எழும்பவில்லை.

*

நாடகம் தொடங்கியது. கதை லேசானது. ஜெட்டியில் ஒரு குமர்ப்பிள்ளை அக்கரை போகிற லோஞ்சுப் படகுக்குக் காத்திருக்கிறாள். போகிற வருகிற எல்லாரும் "இதக் கொஞ்சம் பாத்துக்கொள்ளு புள்ள, இப்ப வாறன்" என்று தங்கள் மூட்டைகளை அவளிடம் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒருவரும் திரும்பி வருவதில்லை. மற்றவர்களின் மூட்டைகளைக் காத்துக் காத்தே அவள் ஒவ்வொரு லோஞ்சாகத் தவறவிடுகிறாள். கடைசி லோஞ்சு புறப்படும் நேரம், எல்லா மூட்டையையும் இறக்கி வைத்துவிட்டு, தனக்காக ஒரேயொரு தரம் கூப்பிட வேண்டும்.

அந்தப் பிள்ளைதான் றிஷானா.

முனாப் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டை வைத்தவர்களிடம் இல்லையென்று சொல்லத் தெரியாமல் அவள் விழித்தபோது சனம் சிரித்தது. ஏழாவது மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எட்டாவதுக்குக் கை நீட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தது. முதலாவது லோஞ்சு போனபோது அந்தச் சிரிப்பு அப்படியே அடங்கியது. ஒரு பக்கம் சிரிக்க வைத்து, அதே முகத்தால் அழவும் வைக்கிறாளே! இது எங்கே இருந்தது இவளுக்குள்?

"அந்தப் புள்ள ஆரு முனாப்?" என்று ஹாஜியார் குனிந்து கேட்டார். "அருமையா நடிக்குது."

இதைவிட லேசான கேள்வி உலகத்தில் இல்லை. என்ட மகள். இரண்டே இரண்டு சொல்.

"தெரியா ஹாஜியார்," என்றார் முனாப். "டவுன் புள்ளயா இரிக்கும்."

சொல்லி முடித்ததும் வாய் கசந்தது. ஹாஜியார் "ஆ..." என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

மேடையில் றிஷானா மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கியிருந்தாள். கடைசி மூட்டையையும் இறக்கினாள். தூரத்தில் லோஞ்சு புறப்படுவதற்கு அடையாளமாக மணி அடித்தது. அவள் விளிம்பைப் பார்த்துத் திரும்பி, கூப்பிடுவதற்காக மூச்சை இழுத்தாள்.

அல்லாஹு அக்பர் என்று பள்ளியில் பாங்கு எழுந்தது.

டக்கென்று மெஷின் நின்றது. அஷ்பாக் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் செருகிக்கொண்டு, சட்டத்தில் எள்ளளவும் பிசகாமல் பள்ளிக்கு நடந்தான். தொழுகைக்குப் போகிறவர்கள் சிலர் ஓசைப்படாமல் எழும்பிப் போனார்கள்.

மற்ற நடிகர்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். ஒரு பையன் திரைக்குப் பின்னால் பாதி ஓடிப் பாதி நின்றான். றிஷானா மட்டும் இழுத்த மூச்சை மெதுவாக விட்டாள். மூட்டைகளில் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். சால்வையை இழுத்துத் தலைக்கு மேல் சரிசெய்துகொண்டு, கைகளை மடியில் வைத்துத் தலையைக் குனிந்தாள். மஃரிப் நேரம் ஜெட்டியில் தனியாக நிற்கும் எந்தப் பிள்ளையும் செய்வது அதுதான்.

நாடகம் நிற்கவில்லை. அவ்வளவு சனமும் அவளோடு சேர்ந்து அந்த ஜெட்டியில் காத்திருந்தது. பொட்டு வைத்த தாய் ஒருத்தி மடியிலிருந்த பிள்ளையின் வாயில் விரலை வைத்தாள். ஒரு பள்ளிப் பாங்கு முடிய இன்னொரு பள்ளியில் கேட்டது. அது முடியத் தூரத்தில் இன்னொன்று. அவள் அவசரப்படவில்லை. கடைசிப் பாங்கும் ஓயும் வரை இருந்தாள். பத்தொன்பது வயதில் இந்தப் பொறுமையா என்று முனாபுக்குக் கண் கலங்கியது. அவருக்கு இந்த வயதிலும் அது இல்லை.

"தொழுகைக்கு இன்னும் வக்து இரிக்கு, நாடகம் முடியட்டும், தொழுவம்," என்று ஹாஜியார் முணுமுணுத்தார்.

றிஷானா எழும்பினாள். முதல் சொல் சொன்னாள்.

மைக் செத்துப்போய்க் கிடந்தது.

*

முன்வரிசையிலிருந்து லைலா திரும்பிக் கடைசி வரிசையைத் தேடிப் பார்த்த பார்வை இருக்கிறதே! முனாப் பாய்ந்து மெஷின் பெட்டியைப் பிடித்து ஆட்டினார். பூட்டு அசையுமா? நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கியதும் அவர்தான். மற்றச் சாவி மூதூரில், கடை மேசை லாச்சியில்.

காற்று எதிர்க்காற்று. மேடையிலிருந்து வருவதெல்லாம் கடல்பக்கம் திரும்பிப் போயிற்று. "கேக்கல்ல!" என்று ஒருவன் கத்தினான். "சவுண்டப் போடுங்க!" என்று இன்னொருவன். இளந்தாரிகள் கூட்டம் ஒன்று "சவுண்ட்! சவுண்ட்!" என்று கைதட்டத் தொடங்கியது. கௌசிகா மிஸ் எழும்பி, கொஞ்சம் நிறுத்துவோமா என்று சைகை காட்டினார்.

றிஷானா தலையை இல்லையென்று ஆட்டினாள். முன்னுக்கு நடந்து வந்தாள். மத்தியானம் முனாப் கதிரைகளை இழுத்து ஒதுக்கிய இடத்துக்கு நேரே, மேடையின் ஆக விளிம்பில் வந்து நின்றாள். தலையை நிமிர்த்தி, சனம் முழுவதையும் தாண்டிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். கடைசிக் கதிரையில் இருந்தவர் அவளுடைய வாப்பா.

அவள் வாய் திறந்தாள். குரல் வந்தது. முனாபுக்கு அது கேட்டது. இரண்டாவது வரிசை தாண்டாத அந்தக் குரல் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஆனால் இந்த "சவுண்ட்! சவுண்ட்!" அதன் கழுத்தைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிசம் இப்படியே போனால் பிள்ளை தோற்றுப்போவாள். உழைத்த உழைப்பெல்லாம் மண்ணாகிவிடும். அதுவும் தகப்பனின் பூட்டால்.

முனாப் கதிரையில் ஏறினார்.

"டேய்! வாயப் பொத்துங்கடா!"

கைதட்டல் நின்றது. முழுச் சனமும் திரும்பியது. பிரதம அதிதியும் மாலையோடு திரும்பினார்.

"அது என்ட மகள்! என்ட மகள் கதைக்கிறா! ஒரு ஆள் சத்தம் போடப்படாது!"

ஊசி விழுந்தால் கேட்கும். கதிரையில் நின்ற முனாப் இறங்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டார்.

மேடையில் றிஷானாவின் முகம் ஒரு கணம் குழந்தை முகமாக ஆனது. கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாள். திறந்தபோது அவள் மறுபடி ஜெட்டிப் பிள்ளை.

"எல்லார்ட மூட்டையும் இதுல இரிக்கு," என்றாள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. "பத்திரமா இரிக்கு. ஒண்டும் தொலையல்ல. தேடி வந்தா எடுத்துக்கொள்ளுங்க. நான் போகோணும்."

பிறகு கையை வாயில் குவித்து, நெஞ்சு நிறைய மூச்செடுத்துக் கூப்பிட்டாள்.

"நில்லுங்கோ! லோஞ்ச நிப்பாட்டுங்கோ! இன்னும் ஒரு ஆள் மிச்சம் இரிக்கு!"

அந்தக் குரலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. உரிமையோடு கூப்பிட்ட குரல் அது. தொழுதுவிட்டு வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு நடுவில் அஷ்பாக்கும் நின்றான். சாவி கையில் இருந்தது, மெஷினைப் போட வேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை.

தட்டினார்கள் பாருங்கள் கை! முனாபின் கதிரைகள் எல்லாம் பின்னால் சாயச் சாய எழும்பி நின்று தட்டினார்கள். முதலில் எழும்பியது சவுண்ட் கேட்ட இளந்தாரிகள்தான்.

"இறங்கு முனாப்," என்று ஹாஜியார் கை கொடுத்தார். "கதிர உடைஞ்சா நாளைக்கு எத வாடகைக்குக் குடுப்பாய்?"

"ஹாஜியார், நான் முதல்ல தெரியா எண்டு..."

"ஓம், சொன்னாய். எனக்குத் தெரியும்டா. உன்ட மகள்ட படம் போட்ட நோட்டீஸ் ரெண்டு கிழமையா மூதூர் ஜெட்டியில ஒட்டிக் கிடக்கு. என்ட மனிசி இந்தப் புள்ளயப் பாக்கத்தான் என்ன இழுத்துக்கொண்டு வந்த. உன்ட வாயால சொல்லுவியா எண்டுதான் கேட்டுப் பாத்தன்." அவர் முனாபின் தோளில் தட்டினார். "சொல்லிப்போட்டாய். கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லிப்போட்டாய். வா, தொழுவம்."

*

தொழுதுவிட்டு வந்தபோது அஷ்பாக் பாதிக் கதிரையை லொறியில் ஏற்றியிருந்தான். லைலாவும் நபீஸாவும் மேடைப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். லைலா புருசனைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார், அவ்வளவுதான்.

றிஷானா மையைப் பாதி துடைத்த முகத்தோடு வந்தாள்.

"கேட்டிச்சா வாப்பா?"

"ஒவ்வொரு சொல்லும் கேட்டிச்சு மகள்." முனாப் தொண்டையைச் செருமினார். "ஒண்டு சொல்லோணும். நான் ஏறி நிண்டு கத்துறதுக்கு முதல் ஒரு தரம், ஹாஜியார் கேக்கக்கொள்ள, உன்னத் தெரியா எண்டு சொல்லிப்போட்டன்."

றிஷானா துடைப்பதை நிறுத்தினாள். அந்த வார்த்தை அவளுக்கு வலித்தது, முகத்தில் தெரிந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"இனிச் சொல்லுவீங்களா?"

"மவுத்தாகும் வரைக்கும் சொல்லமாட்டன்."

"அப்ப சரி," என்றாள். பிறகுதான் வந்து வாப்பாவின் தோளில் முகத்தை வைத்தாள். சேர்ட்டெல்லாம் மை.

அந்த நேரம் பார்த்து கௌசிகா மிஸ் ஓடி வந்தார். "றிஷானா! அடுத்த மாசம் மட்டக்களப்பில இதப் போடக் கேக்கினம். ரெண்டு நாள். நீங்கள் இல்லாட்டி நாடகம் இல்ல. வீட்ட கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ."

"நான் வாறன் மிஸ்," என்றாள் றிஷானா. சொன்ன பிறகுதான் வாப்பாவைப் பார்த்தாள். அனுமதி கேட்கிற பார்வை இல்லை அது. கேட்டீர்கள்தானே என்கிற பார்வை.

"கதிரயும் நம்மடதானே கொண்டுபோற?" என்று முனாப் கேட்டார். மிஸ் சிரிக்கத் தொடங்கியபோது முனாபின் போன் அடித்தது.

இன்பாஸ்.

லைலாவின் சிரிப்பு நின்றது. முனாப் போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். எடுத்தார்.

"வாப்பா," என்றான் மகன். குரலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. "ஒரு வீடியோ வந்திரிக்கு. கதிரையில ஏறி நிண்டு கத்துறது நீங்களா?"

கம்ப்யூட்டர் கோர்ஸ் என்கிற சொல் முனாபின் நாக்கு நுனி வரை வந்தது. பழக்கம், வேறென்ன? அவர் அதை விழுங்கினார்.

"ஓம் மகன். நான்தான். மேடையில நிக்கிறது உன்ட தங்கச்சி."

அந்தப் பக்கம் யாரோ ஒலிபெருக்கியில் அறிவிப்பதுதான் கேட்டது. முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில்.

"டேய், நீ எங்க நிக்கிறாய்?"

"கட்டுநாயக்கா எயார்போர்ட்டில. இப்பதான் இறங்கின. உங்களுக்குச் சொல்லாம வந்து சந்தோசப்படுத்துவம் எண்டு இரிந்தனான்." ஒரு மூச்சு விட்டான். "விடிய வீட்ட வருவன் வாப்பா. வந்து கதைக்கிறன்."

போன் நின்றது.

"என்னவாம்?" என்றார் லைலா.

"விடிய வாறானாம். கதைக்கோணுமாம்."

லொறிக்குப் பக்கத்தில் அஷ்பாக்கின் கை அப்படியே நின்றது. நபீஸா "யா அல்லாஹ்" என்று நெஞ்சில் கைவைத்தாள். முனாப் எதையோ தேடுகிறவர்போல் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, "நீங்க ஒருத்தரும் வாய் திறக்கப்படாது, நான் பக்குவமா ஒண்டச் சொல்லி..." என்று தொடங்கினார்.

"வாப்பா."

நிறுத்தினார்.

"நீங்க சொல்லவேண்டியது சொல்லியாச்சு," என்றாள் றிஷானா. ஏற்றாமல் கிடந்த கடைசிக் கதிரையைத் தானே தூக்கி அஷ்பாக்கிடம் கொடுத்தாள். "நானும் உங்களோட வீட்ட வாறன். இன்பாஸ் நானாக்கு முன்னால இருந்து நானே கதைக்கிறன். ஏறுங்க, போவம்."